வடிவும் வினையும்: செல்லின் உறுப்புகள் பெயர் பெற்ற வரலாறு

கல்லூரியில் தமிழ் கற்பிப்போர்க்கு ஒரு நற்பேறு உண்டு. பொதுத் தமிழ் வகுப்பிற்குக் கணிதம் பயில்வோரும் வருவர். வணிகவியல் பயில்வோரும் வருவர். விலங்கையும் மரத்தையும் ஆராய்வோரும் வருவர். சில ஆண்டுகளுக்கு முன் அணியிலக்கணம் நடத்திய ஒரு நாள், தாவரவியல் மாணவி ஒருத்தி வகுப்பு முடிந்ததும் என்னிடம் வந்தாள். அவள் கையில் இலங்கையில் அச்சான உயிரியல் நூல் ஒன்று இருந்தது. அதில் ஒரு தாவரச் செல்லின் படம். படத்தின் நடுவே பெரும்பகுதியை அடைத்துக்கொண்டிருந்த உறுப்பின் பெயர் 'புன்வெற்றிடம்' என்று குறிக்கப்பட்டிருந்தது.

"அம்மா, இதற்குள் நீர் இருக்கிறது. உப்பும் சர்க்கரையும் இருக்கின்றன. செம்பருத்திப் பூவின் சிவப்புக்கூட இதற்குள்தான் கரைந்திருக்கிறது. பிறகு ஏன் இதற்கு வெற்றிடம் என்று பெயர் வைத்தார்கள்?"

எனக்கு விடை தெரியவில்லை. பள்ளி நாள்களில் அதே உறுப்பை நானும் வரைந்திருக்கிறேன். செல் சுவருக்குப் பழுப்பும் பசுங்கணிகத்திற்குப் பச்சையும் உட்கருவிற்கு ஊதாவும் தீட்டிய நான், அந்த நடுப்பகுதியை மட்டும் வெள்ளையாக விட்டுவிடுவேன். ஒன்றுமில்லாத இடத்திற்கு வண்ணம் எதற்கு என்பது என் எண்ணம். அம்மாணவி அந்தப் பழைய வெள்ளைத்தாளை மீண்டும் என் முன் விரித்துவிட்டாள். அவளுக்கு விடை சொல்லும் பொருட்டுத் தேடியதே இக்கட்டுரை. தேடி முடித்தபோது இஃது அறிவியல் வரலாறு மட்டுமன்று, உவமையின் வரலாறுமாகும் என்று தெரிந்தது. ஆகவே, கவிஞர் பலர் கூடியுள்ள நம் வட்டத்தின் பத்தாண்டு நிறைவு மலரில் இதனை வைக்கத் துணிந்தேன்.

பெயரும் காரணமும்

நன்னூலார் பெயர்களை இடுகுறி எனவும் காரணம் எனவும் பகுத்தார். காரணப் பெயர்களுள் பல உவமையின் வழியே பிறப்பவை. அவ்வுவமை எவ்வெவற்றை நிலைக்களனாகக் கொண்டு தோன்றும் என்ற வினாவிற்குத் தொல்காப்பியர் தந்த விடை நான்கு சொற்களில் அடங்கும்: வினை, பயன், மெய், உரு. குதிரைபோல் ஓடினான் என்பது வினை. மழைபோல் கொடுத்தான் என்பது பயன். வில் போன்ற புருவம் என்பது மெய்; அஃதாவது வடிவு. பவழம் போன்ற இதழ் என்பது உரு, அஃதாவது நிறம்.

விலங்குச் செல்லிலும் தாவரச் செல்லிலும் உள்ள உறுப்புகளின் பெயர்களை இந்நான்கின் முன் நிறுத்திப் பார்த்தால் ஓர் ஒழுங்கு புலப்படுகிறது. முதலில் வந்த பெயர்கள் பெரும்பாலும் மெய்யாலும் உருவாலும் அமைந்தவை. வினையாலும் பயனாலும் அமைந்த பெயர்கள் பின்னரே வந்தன. கண்ணுக்கு எளிதில் தென்படுவன வடிவும் நிறமும். ஒன்று என்ன செய்கிறது என்பதை அறியவோ காலமும் பொறுமையும் வேண்டும். அக்காலம் ஏறத்தாழ 300 ஆண்டுகள்.

தேனடையின் அறைகள்

1665 ஆம் ஆண்டு இலண்டனில் ராபர்ட் ஹூக் என்பார் 'மைக்ரோகிராஃபியா' என்னும் நூலை வெளியிட்டார். இராயல் கழகத்தில் சோதனைகளைச் செய்துகாட்டும் பொறுப்பு வகித்தவர் அவர். புட்டிகளை அடைக்கும் தக்கையைக் கூரிய கத்தியால் மெல்லிய சீவலாகச் சீவி, நுண்ணோக்கியின் கீழ் வைத்து நோக்கினார். தேனடைபோல் அடுக்கடுக்காய்ச் சிற்றறைகள் தெரிந்தன. அவற்றைச் 'செல்' என்றார். சிறு அறையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லினின்று வந்தது அப்பெயர். ஒரு கன அங்குலத் தக்கையில் 125 கோடிக்கும் மேற்பட்ட அறைகள் இருக்கும் என்று கணக்கிட்டு அவரே வியந்தார்.

இங்கே ஒன்றைக் கருத வேண்டும். தக்கை என்பது மரப்பட்டையின் இறந்த பகுதி. ஹூக் கண்டவை உயிர் நீங்கிய வீடுகள். சுவர் மட்டும் எஞ்சிய கூடுகள். பெருஞ்சீரகம், காரட் முதலிய செடிகளின் பசும்பகுதிகளில் அவ்வறைகள் சாற்றால் நிறைந்திருப்பதையும் அவர் கண்டு எழுதியுள்ளார். ஆயினும் பெயர் அதற்குள் நிலைத்துவிட்டது. உயிரின் அடிப்படை அலகுக்கு உலகம் இட்ட பெயர், உயிரில்லாத அறையின் வடிவைச் சுட்டிய பெயராயிற்று.

அதே காலத்தில் ஆலந்து நாட்டு டெல்ஃப்ட் நகரில் துணி வணிகர் ஒருவர் தாமே தேய்த்துச் செய்த சிறு வில்லைகளால் நீர்த்துளிகளை நோக்கிக்கொண்டிருந்தார். ஆண்டனி வான் லூவன்ஹூக் என்பது அவர் பெயர். 1674 முதல் ஏரி நீரிலும் மழை நீரிலும் பல்லின் அழுக்கிலும் துள்ளித் திரியும் நுண்ணுயிர்களைக் கண்டு இராயல் கழகத்திற்கு மடல்கள் எழுதினார். முதலில் ஐயுற்றோர் பலர். 1677 இல் ஹூக் தாமே சோதித்து அவர் கூற்று மெய்யெனச் சான்றுரைத்தார். வெற்றறையைக் கண்டவரே, இயங்கும் உயிருக்கும் சாட்சியானார். எனினும் இவ்விரு காட்சிகளும் ஒரே பொருளின் இரு பக்கங்கள் என்று அறிய இன்னும் ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று.

சுவரிலிருந்து உயிருக்கு

1831 இல் ராபர்ட் பிரௌன் என்னும் தாவரவியலார், ஆர்க்கிட் செடிகளின் மேல்தோலை ஆராய்ந்து, ஒவ்வொரு செல்லிலும் வட்டமான ஒரு புள்ளி இருப்பதை இலண்டன் லின்னேயக் கழகத்தில் எடுத்துரைத்தார். அதனை முன்னரும் சிலர் கண்டதுண்டு. அது பல செல்களுக்கும் பொதுவான உறுப்பு எனக் கண்டு 'நியூக்ளியஸ்' என்று பெயரிட்டவர் அவரே. கொட்டைக்குள் இருக்கும் பருப்பு என்பது அவ்விலத்தீன் சொல்லின் பொருள். இதுவும் மெய்யுவமையே.

1838 இல் செருமானிய நாட்டு மத்தியாஸ் ஷ்லெய்டன், தாவர உடல் முழுவதும் செல்களால் ஆனது என்றார். மறு ஆண்டில் தியோடர் ஷ்வான் அதனை விலங்குகளுக்கும் விரித்தார். குருத்தெலும்பில் அவர் கண்ட அமைப்பு தாவரச் செல்லை ஒத்திருந்தது. புல்லும் புலியும் ஒரே வகை அலகால் கட்டப்பட்டவை என்னும் பேருண்மை 1839 இல் நூல்வடிவம் பெற்றது. புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிராக வைத்து, மனிதன் வரை ஒரே ஏணியில் ஏற்றிய மரபியலை ஓதிய நமக்கு இவ்வுண்மை அந்நியமாகத் தோன்றுவதில்லை. ஆயினும் தொல்காப்பியர் செல்லை அறிந்திருந்தார் என்று பெருமை பேசுதல் மிகை. அவர் புலனறிவால் பகுத்தார். ஷ்வான் கண்ணாடி வழியே கண்டு ஒன்றாக்கினார். இரண்டும் வேறு வேறு உழைப்புகள்.

பெயரின் பிழை இங்கேதான் வெளிப்பட்டது. விலங்குச் செல்லுக்குத் தாவரச் செல்லைப் போன்ற கெட்டியான சுவர் இல்லை. சுவரே இல்லாததை அறை என்பது எங்ஙனம்? 1839 இல் செக் நாட்டு அறிஞர் பூர்க்கின்யே, முதலில் உருவானது என்னும் பொருளில் 'புரோட்டோபிளாசம்' என்ற சொல்லை ஆண்டார். 1846 இல் ஹ்யூகோ வான் மோல் தாவரச் செல்லின் உள்ளிருக்கும் குழகுழப்பான பொருளுக்கு அப்பெயரை வழங்கினார். 1861 இல் மாக்ஸ் ஷுல்ட்சே துணிந்து கூறினார்: உட்கருவைக் கொண்ட உயிர்ப்பொருளின் திரளே செல், சுவர் இன்றியமையாததன்று. ஹூக் கண்ட சுவர், உயிர் கட்டிக்கொண்ட மதில் மட்டுமே. தாவரத்தில் செல்லுலோசால் ஆன அம்மதில் செல்லுக்கு வடிவு தந்து, உள்ளழுத்தத்தைத் தாங்கி, மரத்தை நிமிர்ந்து நிற்கச் செய்கிறது.

ஷ்லெய்டன் மற்றொன்றிலும் தவறினார். உப்புநீரில் படிகம் விளைவதுபோல் செல் புதிதாக விளைகிறது என அவர் கருதினார். ராபர்ட் ரெமாக் அதனை மறுத்தார். 1855 இல் ருடால்ஃப் விர்ச்சோ, எந்தச் செல்லும் முன்னிருந்த ஒரு செல்லிலிருந்தே பிறக்கும் என்பதைச் சுருங்கிய இலத்தீன் தொடராக்கி உலகறியச் செய்தார்.

சாயம் காட்டிய உண்மை

அடுத்து வந்தது உருவின் காலம், நிறத்தின் காலம். செல்லின் உட்பகுதி பெரும்பாலும் கண்ணாடிபோல் தெளிந்தது. கண்ணாடிக்குள் கண்ணாடியைத் தேடுவது எங்ஙனம்? விடை துணிச்சாயத்தில் கிடைத்தது. 1856 இல் இலண்டனில் 18 வயது வில்லியம் பெர்க்கின், கொய்னா மருந்து செய்யப் புகுந்து ஊதாச் சாயம் ஒன்றைக் கண்டார். அதன் வழியே பெருகிய செயற்கைச் சாயங்கள் பட்டுக்கும் பருத்திக்கும் சென்றதோடு ஆய்வுக் கூடங்களுக்கும் வந்து சேர்ந்தன. சாயமிட்ட செல்லில் சில பகுதிகள் நிறத்தைப் பற்றின, சில பற்றவில்லை.

வால்தர் ஃபிளெமிங் உட்கருவுள் சாயத்தை நன்கு பற்றும் பொருளைக் 'குரோமாட்டின்' என்றார். செல் பிரியும்போது அது இழைகளாகத் திரண்டு இரு பங்காவதைச் சாலமாண்டர் என்னும் நீர்நில விலங்கின் இளவுயிர்களில் கண்டு 1882 இல் நூலாக்கினார். இழை என்னும் கிரேக்கச் சொல்லால் அந்நிகழ்ச்சியை 'மைட்டோசிஸ்' என்றார். 1888 இல் வால்டயர் அவ்விழைகளுக்குக் 'குரோமோசோம்' என்று பெயரிட்டார். நிறமுடைய உடல் என்பது பொருள். ஆனால் குரோமோசோமுக்குத் தன் நிறம் என ஒன்றில்லை. அந்நிறம் நாம் இட்ட சாயத்தின் நிறம். காண்போன் தன் கைச்சாயத்தையே பொருளின் பெயராக்கினான் என்பது கவிஞர்கள் எண்ணிப்பார்க்க வேண்டிய செய்தி.

உட்கருவின் வினையை அறியும் வழி வேறோர் இடத்தில் திறந்தது. 1869 இல் ஃபிரீட்ரிக் மீஷர் என்னும் இளைஞர், மருத்துவமனையில் கழித்த கட்டுத்துணிகளின் சீழிலிருந்து வெள்ளணுக்களைப் பிரித்து, அவற்றின் உட்கருவில் பாஸ்பரஸ் மிகுந்த புதிய பொருள் ஒன்றைக் கண்டார். அதுவே இன்று டி.என்.ஏ. என்று வழங்குவது. மரபுப் பண்புகளைச் சுமப்பது அதுவே என்பதற்கு 1944 இல் ஏவரியும் உடன் ஆய்ந்தோரும் வலிய சான்று தந்தனர். 1953 இல் அதன் முறுக்கேணி அமைப்பு தெளிவாயிற்று. பருப்பு என்று பெயர்பெற்ற உறுப்பு, உண்மையில் குடியின் கால்வழி அனைத்தையும் எழுதிவைத்த ஏடு என்று தெரிய 120 ஆண்டுகள் கடந்தன.

தாவரத்திற்கே உரிய பசுங்கணிகமும் நிறத்தால் பெயர் பெற்றது. அதன் வினையை 1880களில் ஏங்கல்மான் அழகிய முறையில் காட்டினார். உயிர்வளியை நாடி ஓடும் பாக்டீரியாக்களைப் பாசியிழையுடன் ஒரே துளி நீரில் விட்டு ஒளி பாய்ச்சினார். பாக்டீரியாக்கள் பசுங்கணிகத்தைச் சூழ்ந்து மொய்த்தன. உயிர்வளி எங்கே பிறக்கிறது என்பதற்கு அம்மொய்ப்பே சாட்சி. ஞாயிற்றின் ஒளியைச் சர்க்கரையாக்கும் அடுக்களை அதுவே.

பெயர் வந்து, வினை பின்வந்தவை

1898 ஆம் ஆண்டு இரு பெயர்களைத் தந்தது. கார்ல் பெண்டா செல்லுள் நூல்போலவும் மணிபோலவும் தெரிந்த நுண்ணுறுப்பை 'மைட்டோகாண்ட்ரியா' என்றார். இழை, மணி என்னும் இரு கிரேக்கச் சொற்களின் கூட்டு அது. முழுக்க மெய்யால் வந்த பெயர். அது உணவை உயிர்வளியோடு சேர்த்து எரித்துச் செல்லுக்கு ஆற்றல் தருவது என்பதை 1948, 1949 ஆம் ஆண்டுகளில் கென்னடியும் லெனிஞ்சரும் மெய்ப்பித்தனர். அரை நூற்றாண்டு அது வெறும் மணியிழையாகவே கிடந்தது.

அதே 1898 இல் இத்தாலியின் பவியா நகரில் கமில்லோ கோல்கி, வெள்ளி உப்பால் கறுப்பேற்றிய ஆந்தையின் நரம்புச் செல்லில் ஒரு வலையமைப்பைக் கண்டார். அது கோல்கி உறுப்பு என அவர் பெயரையே தாங்கியது. ஆளின் பெயரைத் தாங்கிய உறுப்புக்கு அப்பெயரில் காரணம் ஏதும் இல்லை, ஏறத்தாழ இடுகுறியே. அது மெய்யான உறுப்பன்று, சாயம் செய்த மாயம் என்று வாதிட்டோர் பலர். 1950களில் மின்னணு நுண்ணோக்கி வந்த பின்னரே அவ்வழக்குத் தீர்ந்தது. செல்லில் உருவாகும் புரதங்களைத் திருத்தி, வகைபிரித்து, பொதிந்து உரிய இடத்திற்கு அனுப்பும் அஞ்சல் நிலையம் போன்றது அது.

இனி, என் மாணவி சுட்டிய உறுப்புக்கு வருவோம். 'வாக்குவோல்' என்பது வெறுமை என்னும் இலத்தீன் சொல்லடியாகப் பிறந்தது. சாயம் ஏறாது, நுண்ணோக்கியில் வெறுமையாய்த் தெரிந்தது. ஆகவே வெற்றிடம் என்றனர். முதிர்ந்த தாவரச் செல்லின் பரப்பில் பத்தில் எட்டு ஒன்பது பங்கு வரை இதுவே நிறைந்திருக்கும். நீரை அடக்கி, செல்லை உப்பச்செய்து, தளிரை நிமிர்த்துவது இது. மாலைவரை கூடையில் கிடந்த கீரைக்கட்டு துவள்வதும், நீர் தெளித்ததும் நிமிர்வதும் பெரிதும் இதனாலேயே. உப்பும் சர்க்கரையும் கழிவும் நஞ்சும் பூவின் செந்நிறமும் இதனுள் இருப்பவை. எல்லாவற்றையும் தாங்குவதற்கு ஒன்றுமில்லாதது என்று பெயர். நான் வெள்ளையாக விட்டது என் பிழை மட்டுமன்று. கண்ணின் பிழை பெயராகி, பெயரின் பிழை என் கைக்கு வந்தது.

காணுமுன் பெயர் பெற்றவை

இருபதாம் நூற்றாண்டில் ஒழுங்கு தலைகீழாயிற்று. செல்லைச் சூழ்ந்த மென்சவ்வு, ஒரு மில்லிமீட்டரை 1 இலட்சம் கூறாக்கினால் அதில் ஒரு கூற்றினும் மெல்லியது. ஒளி நுண்ணோக்கியில் அது தனித்துத் தெரியாது. ஆயினும் 1890களில் ஓவர்ட்டன் என்பார், எப்பொருள் செல்லுள் எளிதாய் நுழைகிறது, எது நுழைவதில்லை என்று சோதித்து, கொழுப்பில் கரைவன எளிதாய்ப் புகுவதால் செல்லின் எல்லை கொழுப்புத் தன்மையுடையது என உய்த்துணர்ந்தார். கண்டு பெயரிடும் வழக்கம் மாறி, வினையைக் கொண்டு பொருளை அறியும் வழி பிறந்தது. நம் தருக்க நூலார் புகையைக் கண்டு நெருப்பை அறிவது என்பது இதனையே.

இவ்வழியின் சிறந்த சான்று லைசோசோம். பெல்ஜியத்தின் லூவேன் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டியன் டி டூவ், எலியின் ஈரலில் இன்சுலின் செய்யும் வேலையை ஆராய்ந்துவந்தார். 1949 இல் அவரது குழுவினர், ஒரு நொதியின் ஆற்றல் எதிர்பார்த்ததினும் மிகக் குறைந்திருக்கக் கண்டனர். அக்கலவையைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துச் சில நாள் கழித்து மீண்டும் அளந்தபோது ஆற்றல் பன்மடங்கு ஏறியிருந்தது. நொதி எங்கிருந்து வந்தது? அது ஏதோ ஒரு பைக்குள் அடைபட்டிருந்தது. பை சிதையவே வெளிப்பட்டது என்று அவர்கள் முடிவுகட்டினர். அப்பையை எவரும் கண்டதில்லை. ஆயினும் 1955 இல் அதற்குப் பெயரிட்டனர்: 'லைசோசோம்', கரைக்கும் உடல். செல்லின் பழுதுற்ற பகுதிகளையும் உள்ளே வந்த அயற்பொருளையும் செரித்துக் கரைப்பது அதன் வினை. பெயர் வந்த பிறகே மின்னணு நுண்ணோக்கியில் அது காட்சி தந்தது.

வினையால் வந்த பெயர் என்ன செய்யும் என்பதற்கு ஒரு குழந்தையின் வரலாறு உண்டு. 1932 இல் ஆம்ஸ்டர்டாம் மருத்துவர் போம்பே, இதயம் பெருத்து இறந்த 7 மாதப் பெண்குழந்தையின் உடலில் கிளைக்கோஜன் என்னும் மாப்பொருள் அளவிறந்து தேங்கியிருக்கக் கண்டு எழுதினார். காரணம் விளங்கவில்லை. 31 ஆண்டுகள் கழித்து, 1963 இல், லூவேனில் டி டூவின் உடன் பணியாளர் ஹெர்ஸ் அதனைக் கண்டறிந்தார். அந்நோயுற்ற குழந்தைகளின் லைசோசோமில் மாப்பொருளைக் கரைக்கும் நொதி இல்லை. கரைக்க வேண்டியது கரைக்கவில்லை, ஆகவே தேங்கியது. உறுப்பின் வினையை அறியாதிருந்தால் அதன் வினைக்கேட்டையும் அறிந்திருக்க இயலாது. 2006 இல் அந்நொதியையே மருந்தாக ஏற்றும் முறைக்கு ஒப்புதல் கிடைத்தது. பெயர்களைப் பற்றிய ஆராய்ச்சி வீண்பேச்சு என்று எண்ணுவோர்க்கு நான் கூற விரும்பும் செய்தி இதுவே.

1945 இல் போர்ட்டர், கிளாட், புல்லாம் ஆகியோர் முழுச் செல் ஒன்றை மின்னணு நுண்ணோக்கியில் முதன்முதலாகப் படம்பிடித்தனர். அதில் தெரிந்த வலைப்பின்னலே பின்னர் எண்டோபிளாச வலைப்பின்னல் எனப் பெயர் பெற்றது. இது மீண்டும் மெய்யுவமை. அதன்மேல் ஒட்டிய நுண்துகள்களை 1955 இல் ஜார்ஜ் பலாடே விரித்துரைத்தார். அவை ரைபோசோம்கள், புரதங்களைக் கோத்துத் தரும் தறிகள். அவற்றின் அணுவமைப்பைத் தெளிவாக்கியமைக்கு 2009 இல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற மூவருள் ஒருவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன் என்பது நமக்கு மகிழ்ச்சி தருவது. கிளாட், டி டூவ், பலாடே மூவரும் 1974 இல் நோபல் பரிசு பெற்றனர்.

இறுதியாக ஒரு வியப்பு. மைட்டோகாண்ட்ரியாவும் பசுங்கணிகமும் தமக்கெனத் தனி டி.என்.ஏ. கொண்டவை என்று 1960களில் தெரிந்தது. ஒருகாலத்தில் தனித்து வாழ்ந்த நுண்ணுயிர்கள் வேறொரு செல்லுக்குள் புகுந்து தங்கிவிட்டன என்று 1967 இல் லின் மார்குலிஸ் கட்டுரை வரைந்தார். முன்னரே ஷிம்பரும் மெரெஷ்கோவ்ஸ்கியும் பசுங்கணிகத்தைப் பற்றி இக்கருத்தின் சாயலைக் கூறியதுண்டு. அன்று பலர் மறுத்தனர். இன்று பாடநூல்கள் ஏற்கின்றன. உறுப்பு என்று நாம் பெயரிட்டது விருந்தினராய் வந்து குடும்பத்தாராய் ஆனவர்.

தமிழ் பெயரிட்டபோது

மேலை நாட்டு மருத்துவத்தைத் தமிழில் சொல்லும் முயற்சி, செல் கொள்கை தோன்றிய சில ஆண்டுகளிலேயே ஈழத்தில் தொடங்கிவிட்டது. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மானிப்பாயில் தமிழ்வழி மருத்துவம் பயிற்றி, உடற்கூறு நூல்களைத் தமிழாக்கினார். 1916 இல் சேலத்தில் இராஜாஜி முதலியோர் கலைச்சொற்களுக்கென ஒரு சங்கம் கண்டனர். 1954 முதல் வெளிவந்த தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் முதன்மை ஆசிரியர் பெரியசாமித் தூரன் ஒரு கவிஞர் என்பதை நம் வட்டத்தார் மறத்தலாகாது.

செல்லின் உறுப்புகளுக்கு இரு கரையிலும் இருவேறு வழி அமைந்தது. தமிழகப் பாடநூல்கள் செல், குரோமோசோம், மைட்டோகாண்ட்ரியா, லைசோசோம் எனப் பெரும்பாலும் ஒலிபெயர்த்தன. இலங்கைப் பாடநூல்கள் கலம், நிறமூர்த்தம், இழைமணி என மொழிபெயர்த்தன. இழைமணி என்னும் சொல்லின் அழகில் நான் மயங்கியதுண்டு. பெண்டாவின் இரு கிரேக்கச் சொற்களும் அப்படியே தமிழாகிவிட்டன.

இவ்விரு வழிகளுக்கும் விலை உண்டு. ஒலிபெயர்க்கும்போது கிரேக்கத்தில் காரணப்பெயராக இருந்தது தமிழில் இடுகுறியாகிவிடுகிறது. லைசோசோம் என்று கேட்கும் நம் குழந்தைக்கு அது கரைப்பது என்று தெரிய வழியில்லை. மனப்பாடம் ஒன்றே வழி. மொழிபெயர்க்கும்போது காரணம் தமிழுக்கு வருகிறது. உடன் பழைய கண்ணின் பிழையும் வந்துவிடுகிறது. புன்வெற்றிடம் அவ்வாறு வந்தது. நிறமில்லாததற்கு நிறமூர்த்தம் அவ்வாறு வந்தது. ஒலிபெயர்ப்பு உலக நூல்களோடு மாணவரை இணைக்கிறது என்பதும் மறுக்கவொண்ணாதது.

மூன்றாம் வழியும் இருந்தது. உயிரணு என்ற சொல் பெருவழக்கானது. ஆனால் அணு என்பது பகுக்கவொண்ணாதது. செல்லின் தலையாய வினையோ பகுதல். நாளிதழ்களில் அச்சொல் விந்தணுவையும் குறித்து மயங்குகிறது. கலம் என்ற சொல்லை எண்ணிப்பாருங்கள். உண்கலமும் கலமே, மரக்கலமும் கலமே, நெல் அளந்ததும் கலமே. கலம் என்றால் உள்ளே ஒன்று இருத்தல் வேண்டும். அறை காலியாக இருக்கலாம். கலமோ கொள்வதற்கென்றே ஆனது. இது மொழிபெயர்ப்பன்று, மெய்யை விட்டு வினையைப் பற்றிய சொல். ஹூக் இறந்த தக்கையில் தவறவிட்டதை, இச்சொல்லைத் தெரிந்தெடுத்தவர்கள் தமிழில் பிடித்துக்கொண்டனர் என்றே எனக்குத் தோன்றுகிறது. நம் தமிழகப் பாடநூல்கள் வாக்குவோலுக்கு ஆளும் நுண்குமிழ் என்பதும் வடிவுப்பெயரே எனினும், வெறுமை என்னும் பழியை அவ்வுறுப்பின்மீது சுமத்தாத பெயர்.

நிறைவாக

அம்மாணவிக்கு ஒரு வாரம் கழித்து விடை சொன்னேன். முதலில் கண்டவர்களுக்கு அது வெறுமையாகத் தெரிந்தது. அவர்கள் பொய் சொல்லவில்லை. கண்ட அளவில் சொன்னார்கள். பின்வந்தோர் உள்ளே இருப்பதை அறிந்தனர், பெயரை மாற்ற மறந்தனர் என்றேன். அவள் சற்றுச் சிந்தித்து, "அப்படியானால் இன்னும் மாற்றலாமா அம்மா?" என்று கேட்டாள். மாற்றலாம், அதற்கு இரண்டு கல்வி வேண்டும், உறுப்பின் வினை தெரிய வேண்டும், சொல்லின் வினையும் தெரிய வேண்டும் என்றேன்.

அவ்விரண்டாம் கல்வி நம் வட்டத்தார் கையில் உள்ளது. பத்தாண்டுகளாகத் திங்கள்தோறும் கூடி ஒரு சொல் பொருந்துமா பொருந்தாதா என்று வழக்காடிவருகிறோம். அவ்வழக்கைக் கவிதைக்குள் மட்டும் நிறுத்தாது, அறிவியல் பயில்வோரையும் அழைத்து அமர்த்தி, பாடநூற் சொற்களின்மீதும் நடத்துவோமாயின் அடுத்த பத்தாண்டு பயனுடையதாகும். முதல் கூட்டத்திற்கு அம்மாணவியை அழைத்துவரும் பொறுப்பு என்னுடையது.

வட்டம் என்பதும் வடிவால் வந்த பெயரே. கோடு மட்டும் வரைந்து உள்ளே வெள்ளையாக விட்டுவிட்டாலும் அது வட்டம்தான். உள்ளே என்ன நிகழ்கிறது என்பதே அதன் வினை. நம் வட்டம் வாழ்க. அதன் உள்ளீடு வளர்க.